தீட்டுக்கல்லும் தீட்டும்

(காரைக்குடியில் முடிதிருத்தும் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் என்ன பேசப் போகின்றோம் என்பதைப் பற்றி உங்களில் பலர் பலவிதமாக நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். கடவுளைப் பற்றிப் பேசுவோம் என்று சிலரும், புராணத்தைப் பற்றிப் பேசுவோம் என்று சிலரும் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிப் பேச வேறு நாள்கள் இருக்கின்றன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு சின்னக் கல்லைப் பற்றியேயாகும். இதோ மேஜையின்மேல் பழைய துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றதே, இந்தக் கல்லைப் பற்றித்தான்.

இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் இதை நம்மிடம் கொடுத்தார். அவர் 50 வருஷத்துக்கு மேல் இவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் சவரத் தொழில் செய்தவர். அவருடைய பாட்டனார் பர்மாவுக்குப் பிழைக்கப் போயிருந்தபோது அங்கே வாங்கி வந்த தீட்டுக்கல் இது. மூன்று தலைமுறை இந்தக் கல்லில் கத்தி தீட்டிக் குடும்பம் நடத்தியிருக்கின்றது. உள்ளங்கை நீளம், ஒரு விரல் கனம். ஒரு பக்கம் சற்றுச் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. மேலே பதித்திருந்த கம்பெனியின் பெயர் தேய்ந்து மறைந்துவிட்டது. “இனிமேல் இது எனக்கு எதற்குத் தம்பி? குப்பையில் போட மனம் வரவில்லை. நீங்கள் ஏதாவது செய்யுங்கள்” என்று சொல்லிக் கொடுத்தார். அது முதல் அவரைக் கேட்டும், புஸ்தகங்களைப் பார்த்தும் தெரிந்து கொண்டதையும், அதிலிருந்து நமக்குத் தோன்றியதையும் உங்கள் முன் சொல்லுகின்றோம். சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

கல் செய்யும் வேலை

தோழர்களே! வெளியிலிருந்து பார்க்கின்றவனுக்குக் கத்தி தீட்டுவது என்பது இரும்பைக் கல்லில் தேய்ப்பது, அவ்வளவுதான். ஆனால் அரிவாளைத் தீட்டுவது வேறு, சவரக்கத்தியைத் தீட்டுவது வேறு. அரிவாள் கட்டையை வெட்டினால் போதும். சவரக்கத்தியோ மனிதனுடைய கழுத்தின்மேல், ரத்தக்குழாய் துடிக்கின்ற இடத்தின்மேல், தோலுக்கு ஒன்றும் ஆகாமல் போய் மயிரை மாத்திரம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். தலைமயிர் ஒன்றின் கனமே ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படுவது அபூர்வம். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் வாய்க்கனம் அந்த மயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் கையால் செய்து முடிக்கின்ற மனிதனைத்தான் இந்த நாடு “படிப்பில்லாதவன், ஒன்றும் தெரியாதவன்” என்று சொல்லிக் கொண்டு வந்தது.

அவர் எப்படிச் செய்கின்றார் என்று கேளுங்கள். கத்தியின் முதுகையும் வாயையும் ஒன்றாகக் கல்லின்மேல் படுக்க வைக்கின்றார். முதுகின் கனமே வாய்க்கு வேண்டிய சாய்வைக் கொடுத்து விடுகின்றது. வாய் முன்னே போகும்படி ஒரு தள்ளு. கல்லின் கோடியில் முதுகின்மேல் புரட்டி, மறுபக்கத்துக்கு அதே மாதிரி ஒரு இழுப்பு. கையை அழுத்தக்கூடாது, கத்தியின் எடையே போதும். நல்ல கத்தியாக இருந்தால் இந்த மாதிரிக் கல்லில் எட்டுப் பத்துத் தடவைக்குமேல் வேண்டியதில்லை. ஆசைப்பட்டு அதிகமாகத் தீட்டினாலோ, வாய் மெலிந்து ஓரத்தில் நூல் மாதிரிப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தக் கத்தி முகத்தைக் கிழிக்கும். கல்லுக்குப் பிறகு தோல்வார். வாரில் கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும், வாய் பின்னே வரவேண்டும். கல்லில் செய்ததுபோல் வாரிலும் செய்தால் வார்தான் அறுபடும். பல வருஷம் தீட்டிய கல் நடுவில் குழிந்து போகும். குழிந்த கல்லில் தீட்டினால் கத்தி கோணலாகும். ஆகையால் கல்லையே வேறொரு மட்டமான கல்லின்மேல் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து, ஈரம் போக்கி, தேங்காயெண்ணெய் தடவி அடைப்பத்தில் வைக்கவேண்டும். ஏனென்றால் துரு முதலில் பிடிப்பது மிக மெல்லியதாக இருக்கும் வாயைத்தான்.

பிறகு புறங்கையிலுள்ள ஒரு மயிரின்மேல் கத்தியை வைத்துப் பார்ப்பார். மயிர் சத்தமில்லாமல் விழுந்தால் சரி. விழாவிட்டால் மறுபடியும் கல்.

இப்பொழுது சொல்லுங்கள். இந்த வேலையில் எங்கேயாவது மந்திரத்துக்கு இடமிருக்கின்றதா? ராகுகாலத்தில் தீட்டிய கத்தி மழுங்கிப் போனதுண்டா? செய்து பார், சோதித்துப் பார், தவறு இருந்தால் திருத்து, மறுபடியும் சோதித்துப் பார் என்பதுதான் முதலிலிருந்து முடிவு வரையில் இருக்கின்றது. பகுத்தறிவு என்று நாம் சொல்லுவது இதைத் தவிர வேறில்லை.

அந்தப் பெரியவரிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். “ஐயா, எஃகு எவ்வளவு கெட்டி, மயிர் எவ்வளவு மெது! அப்படியிருக்க மயிரை மழித்து மழித்துக் கத்தி எப்படி மழுங்குகின்றது?” என்றோம். அவர் சிரித்துக்கொண்டு, “கத்தி தேய்ந்தா போகுது தம்பி? பல் பல்லாய் விழுந்து போகுது. அதனால்தான் கல்” என்றார். இதே கேள்வியை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டு, எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உள்ளேயே மயிரை மழித்துப் பார்த்து, 2020-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். எஃகு மயிரைவிட 50 மடங்கு கடினமானது. ஆயினும் மயிர் வளைந்து கொடுத்துக் கத்தியின் வாயைப் பக்கவாட்டில் நெருக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விடுகின்றது என்பது அவர்கள் கண்டது. விஞ்ஞானிகள் கண்டதற்குக் கணக்கும் காரணமும் இருக்கின்றன. பெரியவர் கண்டதற்கு அனுபவம் இருக்கின்றது. இரண்டுக்கும் வேர், உள்ளதை உள்ளபடி பார்ப்பது என்ற ஒன்றேயாகும். அந்த வேர் உள்ள மனிதனுக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருந்தால் அவன் எங்கே போயிருப்பான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கல் வந்த வழி

நிற்க, இந்தக் கல் எங்கிருந்து வருகின்றது என்பதையும் சற்றுச் சொல்லவேண்டும். ஆதியில் எல்லாம் மலையிலிருந்து வெட்டியெடுத்த கல்தான். ஜெர்மனியில் துரிங்கியா என்னும் பகுதியிலும், அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாகாணத்திலும் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் பேர்போனது பெல்ஜியம் நாட்டில் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் கல். அதற்குக் கோட்டிக்யூல் என்று பெயர். அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகள் நிறைந்திருக்கின்றன. அவை நம்மவர்கள் கோமேதகம் என்று சொல்லுகின்ற மணியின் இனத்தைச் சேர்ந்தவை. அந்த மணிகள்தான் எஃகை அராவுகின்றன. பாருங்கள் தோழர்களே! அந்த இனத்து மணியைப் பெல்ஜியத்துக்காரன் கத்திக்குக் கூர்மை கொடுக்க உபயோகித்தான். நம்மவனோ அதை மோதிரத்தில் பதித்து விரலில் போட்டுக்கொண்டு ராகு தோஷம் போய்விடும் என்று உட்கார்ந்திருந்தான். இதில் யாருடைய மணி வேலை செய்தது?

இந்தச் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெல்ஜியம் நிலைக்கண்ணாடியும், இத்தாலிச் சலவைக்கல்லும், பர்மாத் தேக்கும் இருப்பதைக் காட்டிப் பெருமை பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதைக் காணத் தூரதேசங்களிலிருந்து ஆட்கள் வருகின்றார்கள். அது தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெல்ஜியத்திலோ, தீட்டுக்கல்லுக்கென்றே சால்ம்ஷாடோ என்னும் ஊரில் ஒரு காட்சிசாலை வைத்திருக்கின்றார்கள். கல்லை வெட்டினவன், அறுத்தவன், தேய்த்தவன் ஆகியவர்களின் உழைப்பை அவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றார்கள். நாமோ நிலைக்கண்ணாடியைக் காட்டுகின்றோம். அந்தக் கண்ணாடியில் தெரிகின்ற முகத்தைத் திருத்தினவனைக் காட்டுவதில்லை.

மலைக்கல் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதால் மனிதன் செயற்கைக் கல் செய்யக் கற்றுக் கொண்டான். 1879-ல் பிரான்ஸ் ஸ்வாடி என்பவர் வியன்னாவில் தொடங்கிய தொழில் பிறகு மாரிபோர் என்னும் ஊருக்குப் போய் நிலைத்தது. அவர் பெயர் கொண்ட கல் பல தேசத்துச் சவரக்காரர்களின் பையிலும் இருந்தது. அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் என்பவர் 1891-ல் செயற்கை வைரம் செய்யலாம் என்று களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரத்தால் காய்ச்சினார். வைரம் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பளபளப்பான, கண்ணாடியைக் கீறுகின்ற, மிகவும் கடினமான ஒரு பொருள் வந்தது. அதுதான் கார்போரண்டம். அவர் நினைத்தது நடக்கவில்லையே என்று தலையெழுத்தை நொந்துகொள்ளாமல், கிடைத்தது என்ன என்று பார்த்தார். உலகமெல்லாம் சாணை பிடிக்கும் சக்கரங்களுக்கும் தீட்டுக்கல்லுக்கும் அது பயன்பட்டது.

அந்தக் கார்போரண்டத்துக்கும் இந்தச் சீமைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பக்கத்திலுள்ள பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்ப செட்டியார் குடும்பத்தார், அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடனும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றுடனும் சேர்ந்து, 1954-ல் கார்போரண்டம் யூனிவர்சல் என்னும் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் இருக்கின்றது. இந்தக் காரைக்குடியிலேயே, அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததன்மேல், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. இரும்பு ஏன் துருப்பிடிக்கின்றது, அதை எப்படித் தடுப்பது என்று ஆராய்வது அங்கே நடக்கும் முக்கியமான வேலைகளில் ஒன்று. நம் பெரியவர் தேங்காயெண்ணெய் தடவித் தடுத்ததும் அதே துருவைத்தான். ஆனால் அந்தக் கட்டடத்துக்கும் அவருடைய குடிசைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கின்றது. ரோட்டுத் தூரத்தை நாம் சொல்லவில்லை.

எஃகைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னாட்டில் குகையில் இட்டு உருக்கிய எஃகை வெள்ளைக்காரர்கள் ஊட்ஸ் என்றார்கள். உக்கு, உருக்கு என்ற நம் பக்கத்துச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகக் கருதுகின்றார்கள். லண்டனில் கத்தி செய்யும் தொழிலாளியான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை மெச்சி, ரண சிகிச்சைக் கத்திகளுக்கு உபயோகித்தார். அவரும் மைக்கேல் பாரடே என்னும் பெரிய விஞ்ஞானியும் சேர்ந்து அதை ஆராய்ந்து, எஃகுக் கலவைகளைப் பற்றி 1820-ல் வெளியிட்டார்கள். இதைப் பழம்பெருமைக்காக நாம் சொல்லவில்லை. ஒரு கத்தித் தொழிலாளியும் ஒரு விஞ்ஞானியும் ஒரே மேஜையில் நின்று ஒரே உலையைப் பார்த்தார்கள் என்பதற்காகச் சொல்லுகின்றோம். அந்தப் பாரடே ஒரு கொல்லன் மகன். அங்கே கொல்லன் மகன் விஞ்ஞானி ஆனான். இங்கே, எஃகை உருக்கினவன் மகன் எஃகையே உருக்க வேண்டும், கத்தி தீட்டினவன் மகன் கத்தியே தீட்ட வேண்டும் என்று வைத்தோம். கடைசியில் உலையும் அணைந்தது.

தீட்டு என்னும் சொல்

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகின்றோம். நம் தமிழில் தீட்டு என்று ஒரு சொல் இருக்கின்றது. கத்தியைத் தீட்டு என்றால் கூர்மையாக்கு என்று அர்த்தம். தீட்டு வந்துவிட்டது என்றால் அசுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று. ஊருக்கெல்லாம் கத்தி தீட்டின மனிதனுக்கு ஊரார் கொடுத்த கூலியும் அதே எழுத்தில்தான் இருந்தது.

நாம் சிறுவயதில் இப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் கண்டதைச் சொல்லுகின்றோம். பெரிய வீடு, முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் ஒரு சின்னக் கதவு. சவரம் செய்ய வருகின்றவர் பின்தெருக் கதவு வழியாகத்தான் வரவேண்டும். அவருக்கு 60 வயதிருக்கும். வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வயது. அந்தப் பிள்ளை அவரை “வா, உட்கார், சீக்கிரம் செய்” என்று ஒருமையில் பேசுவான். அவரோ அவனை “வாங்க, போங்க” என்பார். அந்தப் பிள்ளையின் தொண்டைக்குழியில் அவருடைய கத்தி இருக்கும். அவன் பயமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். அவ்வளவு நம்பிக்கை! சவரம் முடிந்ததும், அவர் தொட்ட தீட்டுப் போக, அவன் தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீட்டுக்குள் விடுவார்கள். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், சொம்பைத் தொடவிடாமல் கையில் ஊற்றுவார்கள். அந்தப் பிள்ளை வேறு யாருமில்லை தோழர்களே, நாம்தான்.

அவருடைய மனைவி மருத்துவச்சி. அந்த ஊரில் பாதிப் பேர் அந்த அம்மையின் கையில்தான் பிறந்தார்கள். பிறக்கும்போது தொட்ட கை தீட்டில்லை. பிறந்த பிறகு அந்தக் கை தீட்டு! சாவு வீட்டில் சங்கு ஊத அவர் வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் அவர் வேண்டாம். தொட்டால் தீட்டு என்றால் கழுத்தைத் தொட விட்டது எப்படி? கழுத்தைத் தொடலாம் என்றால் சொம்பைத் தொடக்கூடாது என்பது எப்படி? இந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. கேட்க நமக்கும் புத்தி வரவில்லை.

இது எல்லாத் தேசத்துக்கும் பொது என்று சிலர் சொல்லுவார்கள். அல்ல. இங்கிலாந்தில் சவரத் தொழிலாளரும் ரண வைத்தியரும் 1540-ல் ஒரே சங்கமாக இருந்தார்கள். 1745-ல் பிரிந்தார்கள். ரண வைத்தியம் அங்கே கல்லூரி ஏறிற்று. கத்தி பிடித்த கை பெரிய டாக்டர் கையாயிற்று. இங்கும் இக்குலத்தாருக்கு மருத்துவர் என்றுதான் பெயர். கட்டி கீறுவதும், பிரசவம் பார்ப்பதும், பச்சிலை கொடுப்பதும் அவர்கள் வேலை. பெயர் இருந்தது, கல்லூரி இல்லை. பிறப்பைப் பார்த்துத் தொழிலைக் கொடுத்து, தொழிலைப் பார்த்து இழிவைக் கொடுத்து, இழிவைக் காட்டிப் படிப்பை மறுத்த தேசத்தில் வேறென்ன நடக்கும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜை என்று வருகின்றது. அன்று கத்தியையும் கல்லையும் கழுவி, சந்தனம் குங்குமம் அப்பி, சூடம் கொளுத்திக் கும்பிடச் சொன்னார்கள். பெரியவர் சொல்லுகின்றார்: “பூஜைக்கு மறுநாள் கல் வழுக்கும் தம்பி. சந்தனம் கல்லின் கண்ணில் ஏறி அடைத்துக் கொள்ளும். தேய்த்துக் கழுவி எடுப்பதற்குள் அரைநாள் கூலி போய்விடும்.” பார்த்தீர்களா தோழர்களே! பூஜை செய்தால் கல்லுக்கே வேலை செய்யும் சக்தி போய்விடுகின்றது. கல்லைக் கும்பிடச் சொன்னவன் கல்லை வைத்திருந்தவனை மதிக்கச் சொன்னானா? இல்லை. செவ்வாய் வெள்ளி சவரம் கூடாது, அமாவாசை கூடாது என்று சொல்லி, மாதத்தில் பல நாள் அவர் அடுப்பில் பூனை தூங்கும்படி செய்தான். எஃகுக்குச் செவ்வாய் வெள்ளி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஈரமும் துருவுமேயாகும்.

கல் போயிற்று, தீட்டுப் போகவில்லை

பிறகு என்ன நடந்தது? அமெரிக்காவில் கில்லெட் என்பவர் தூக்கியெறியும் பிளேடை 1903-ல் விற்கத் தொடங்கினார். முதல் வருஷம் 51 ரேசரும் 168 பிளேடும்தான் விற்றனவாம். பிறகு அது உலகத்தையே பிடித்தது. நம் ஊர்க் கடைகளிலும் பிடிக்குள் அரைப் பிளேடைச் செருகி மழிக்கும் கத்தி வந்தது. 1986-ல் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதல் முதலாகச் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, “புது பிளேடு போடுங்கள்” என்று கேட்கும் வழக்கம் குக்கிராமம் வரையிலும் பரவிற்று. கல் அடைப்பத்தோடு பரணுக்குப் போயிற்று.

இதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. பழைய கல்லே திரும்பி வரவேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரே கத்தியால் பத்துப் பேருக்கு மழித்தால், ஒருவன் ரத்தத்திலுள்ள கிருமி மற்றொருவனுக்குப் போகும். மஞ்சட்காமாலையில் ஒருவகையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியேயும் குறைந்தது 7 நாளாவது கெடாமல் இருக்கக் கூடியது. அதுதான் உண்மையான தீட்டு. அந்தத் தீட்டு ஜாதி பார்ப்பதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றினால் போவதுமில்லை. புது பிளேடும், கொதிக்கும் நீரும், மருந்தும், ஹெபடைட்டிஸ் பி-க்குப் போடுகின்ற தடுப்பூசியுமே அதற்குப் பரிகாரம். இந்தத் தீட்டைப் பற்றி எந்த சாஸ்திரமாவது ஒரு வரி சொல்லிற்றா?

நாம் கவனிக்க வேண்டியது வேறு. கல் போயிற்று, வார் போயிற்று, கத்தி போயிற்று. பின்தெருக் கதவு வழியாக வந்தவர் கடைத்தெருவில் கண்ணாடி மாட்டிக் கடை வைத்திருக்கின்றார். ஆதியிலிருந்து வந்தது, மாற்றக்கூடாது என்று சொன்ன வழக்கமெல்லாம், சௌகரியம் என்று பட்டவுடன் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டன. மாறாதது ஒன்றே ஒன்றுதான். கருவி போன பிறகும், கருவியைப் பிடித்தவன் மேல் வைத்த இழிவு மட்டும் போகவில்லை. இன்றும் கிராமத்தில் கல்யாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வி என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இக்குலத்துப் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எந்தப் பெயர் சொல்லிக் கேலி செய்கின்றார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கசப்பான வார்த்தை ஒன்று

முடிதிருத்தும் தோழர்களே! இதுவரையில் நாம் சொன்னதற்கெல்லாம் கை தட்டினீர்கள். இனிச் சொல்லப் போவதற்குக் கை தட்ட மாட்டீர்கள். ஆனாலும் சொல்லாமல் போனால் நாம் இங்கு வந்ததில் பயனில்லை.

உங்கள் கை தொட்டால் தீட்டு என்று மேலே இருப்பவன் சொன்னபோது உங்களுக்கு எரிந்ததா, இல்லையா? அப்படியிருக்க, சேரியிலிருந்து ஒரு தோழர் உங்கள் கடைக்கு வந்தால், “இங்கே இல்லை, டவுனுக்குப் போ” என்று சொல்லுகின்ற கடை இன்னும் கிராமங்களில் இருக்கின்றதே, அது எந்த நியாயம்? காரைக்குடியில் அப்படியில்லை என்று சொல்லுவீர்கள். பஸ் ஏறி அரைமணி நேரம் போன பிறகு என்ன என்று கேட்கின்றோம். தலைமயிர் வெட்டிக் கொள்ள ஒரு மனிதன் பத்து மைல் போக வேண்டும் என்றால், அவன் மனது எப்படி இருக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

சட்டமும் இதைக் குற்றம் என்கின்றது. தீண்டாமை ஒழிந்தது என்று 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லுகின்றது. 1955-ல் வந்து, 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்ட சட்டத்தில், கடை என்பதற்கு அர்த்தம் சொல்லும் இடத்திலேயே, சலவைக் கடையையும் முடிதிருத்தும் கடையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றார்கள். தீண்டாமை காட்டி ஒருவரை அங்கே தடுத்தால், ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரையில் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஆனால் ஜெயிலுக்குப் பயந்து செய்வதைவிட, நியாயத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்வதே சுயமரியாதை.

இக்கூட்டத்துக்கு முன் ஒரு தோழர் நம்மிடம் வந்து, “நான் எல்லாருக்கும் வெட்டத் தயார். ஆனால் அவர்களுக்கு வெட்டினால் மற்றவர்கள் என் கடைக்கு வரமாட்டார்கள். கடை வாடகைக்கு நான் என்ன செய்வேன்?” என்று கேட்டார். இது பொய்யல்ல. அவர் பயம் நிஜமான பயம். அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஒரு கடைக்காரர் தனியாகச் செய்தால் அவர் பட்டினி கிடப்பார். ஒரு ஊரிலுள்ள கடைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் சேர்ந்து செய்தால், மேல்ஜாதி என்று சொல்லிக் கொள்ளுகின்றவன் எங்கே போவான்? எத்தனை நாளைக்குத் தாடியோடு இருப்பான்? ஆகவே உங்கள் சங்கத்தில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். ஊர் ஊராகப் போய்ச் சொல்லுங்கள்.

அதோடு, கடைக்குப் போகின்ற நமக்கும் கடமை இருக்கின்றது. எல்லாரையும் உட்கார வைக்கின்ற நாற்காலியில்தான் நாமும் உட்காருவோம், மற்ற நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று இங்கிருக்கும் ஒவ்வொருவரும் முடிவு செய்து கொள்ள வேண்டும். பயத்தை அவர் தலையில் மாத்திரம் கட்டிவிட்டு, வீரத்தை மேடையில் நாம் பேசிவிட்டுப் போனால் அது யோக்கியமாகாது.

நமது வேண்டுகோள்

முடிவாக நாம் வேண்டுவது இவைதான். சாவு வீட்டுச் சங்குக்கும், வருஷக் கூலி நெல்லுக்கும் இன்னும் எங்கேயாவது உங்களைக் கூப்பிட்டால், அது பிறப்பால் வந்த ஊழியம் அல்ல என்று மறுத்துவிடுங்கள். வேலைக்குக் கூலி, மனிதனுக்கு மரியாதை. உங்கள் பிள்ளை இந்தத் தொழிலை விரும்பிச் செய்தால் செய்யட்டும்; விரும்பாவிட்டால் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசலுக்குள் நுழையும் படிப்பைப் படிக்கட்டும். மற்ற ஜாதிப் பிள்ளைகளும் இந்தத் தொழிலைக் கற்றுக் கடை வைக்கட்டும். எல்லாரும் செய்கின்ற தொழிலுக்கு ஜாதி இருக்க முடியாது.

இந்தக் கல்லை என்ன செய்வது என்று பெரியவர் கேட்டாரல்லவா? இந்த ஜில்லாவிலுள்ள கீழடியில் 2023-ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். மண்ணைத் தோண்டி எடுத்த தக்களியையும், இரும்புக் கருவியையும் கண்ணாடிக்குள் வைத்து, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் இங்கே வேலை செய்த கைகள் இருந்தன என்று காட்டுகின்றார்கள். மண்ணுக்குள் போனால்தான் மதிப்போம் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கல்லை இவ்வூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் விஞ்ஞான அறையில் வைக்க ஏற்பாடு செய்வோம். பக்கத்தில், இது என்ன, எப்படி வேலை செய்தது, இதைப் பிடித்தவர் யார் என்று எழுதி வைப்போம். அவரே ஒரு நாள் போய், பிள்ளைகளுக்குக் கத்தி தீட்டிக் காட்டட்டும். அன்று அந்தப் பிள்ளைகள் அவரை “ஐயா” என்று கூப்பிடுவார்கள். அவர் முன்வாசல் வழியாக உள்ளே போவார்.

தோழர்களே! இன்னும் ஒரே வார்த்தை. குடிமகன் என்றால் இன்று இந்த நாட்டுப் பிரஜை என்று அர்த்தம். ஜனாதிபதியும் ஒரு குடிமகன்தான். ஆனால் கிராமத்துப் பேச்சில் குடிமகன் என்றால் யார் என்று நம் பெரியவருக்குத் தெரியும். அவரைத்தான் அப்படிச் சொன்னார்கள். இழிவாகச் சொன்ன அந்தச் சொல்லே இன்று எல்லாருக்கும் பெயராகியிருக்கின்றது. சொல்லுக்கு அர்த்தம் மாறியதுபோல் மனிதனுக்கு நிலைமையும் மாறவேண்டும். அது தானாக மாறாது. கத்தி தானாகத் தீட்டிக் கொள்ளுவதில்லை என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

இக்கல்லை நம்மிடம் கொடுத்த பெரியவரை மேடைக்கு வந்து நாற்காலியில் அமரும்படி கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.